இரண்டு இடாப்புகளுக்கு நடுவே

இலங்கையில் முதலாம் தரத்தில் சேராத பிள்ளை அரிது. ஆரம்பக் கல்வியில் சேருவோர் வீதம் பல்லாண்டுகளாக நூறை ஒட்டியே நிற்கிறது. சர்வதேசக் கூட்டங்களில் நம் அதிகாரிகள் தெம்போடு வாசிக்கும் எண் அது. பதுளை மாவட்டத் தோட்டங்களுக்கும் அது பெரும்பாலும் பொருந்தும். புது வருடத் தவணை தொடங்கும் நாளில் வெள்ளைச் சீருடையும் படிய வாரிய தலையுமாக, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து சின்னஞ்சிறுசுகள் இறங்கி வருவதைப் பார்ப்பவருக்கு, பள்ளிக்கு அனுப்பாத குடும்பம் என்று ஒன்று இங்கே இருக்கிறதா என்றுதான் தோன்றும்.

அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஊவா மாகாணத்தின் சிறிய தோட்டப் பாடசாலைகளைப் பற்றி முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பதே இந்தக் கட்டுரையின் கவலை. 2025-ல் கல்விச் சீர்திருத்தத்தோடு சேர்ந்து ஒரு பேச்சு மேலெழுந்தது: மாணவர் தொகை குறைந்த பாடசாலைகளை மூடுவதா, பக்கத்துப் பாடசாலையோடு இணைப்பதா? கல்வி அமைச்சையும் கையில் வைத்திருக்கும் பிரதமர் ஹரிணி அமரசூரிய நாடாளுமன்றத்திலேயே இதைப் பற்றிப் பேசினார். கம்பஹாவிலோ குருநாகலிலோ இந்தக் கேள்விக்கு ஒரு நியாயம் உண்டு. பஸ் ஓடும் பாதையில் இரண்டு மைல் தள்ளி நல்ல பாடசாலை இருக்கும்போது, முப்பது பிள்ளைகளுக்காக ஒரு கட்டடத்தைக் கட்டிக் காப்பது வீண்செலவு என்று ஒருவர் வாதிடலாம். அதே அளவுகோலை மடுல்சீமை, பூணாகலை போன்ற தோட்டப் பகுதிகளுக்குக் கொண்டுவந்தால், இன்று சேர்ந்திருக்கும் பிள்ளைகளில் ஒரு பகுதியை அடுத்த சில வருடங்களில் சத்தமில்லாமல் இழப்போம். சத்தமில்லாமல் என்பதைத் தெரிந்தே எழுதுகிறேன். அந்த இழப்பு எந்தப் பதிவிலும் விழாதபடிதான் நம் பதிவுமுறை இருக்கிறது.

முதலில் பாடசாலை வகைகள். உயர்தரத்தில் விஞ்ஞானம் உட்பட எல்லாப் பிரிவுகளும் உள்ளது 1ஏபி. கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளது 1சி. பதினோராம் தரம் வரை உள்ளது வகை 2. ஐந்தாம் தரத்தோடு, சில இடங்களில் எட்டோடு, முடிவது வகை 3. தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை கடைசி இரண்டு வகைகளில் அடங்கும். லயத்துக்குப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் வகை 3. ஆகவே பத்து வயது முடிந்ததும் பெரும்பாலான தோட்டத்துப் பிள்ளைகள் ஒரு பாதையைக் கடக்க வேண்டும். ஊருக்குள் இருக்கும் பாடசாலையிலிருந்து விடுகைப் பத்திரம் வாங்கி, மலை இறங்கி, பஸ் பாதைக்கு வந்து, லுணுகலைக்கோ பசறைக்கோ ஹல்துமுல்லைக்கோ அப்புத்தளைக்கோ போக வேண்டும்.

அப்படிப் போகாத பிள்ளையை யார் கணக்கெடுப்பார்? பழைய பாடசாலையின் இடாப்பில் அது படிப்பை முடித்து வெளியேறிய பிள்ளை. அதிபர் தன் கடமையைச் சரியாகச் செய்துவிட்டார். புதிய பாடசாலையின் இடாப்பில் அதன் பெயர் ஏறவே இல்லை. ஏறாத பெயர் எப்படி இடைவிலகும்? இரண்டு இடாப்புகளும் சுத்தமாக இருக்கும். நடுவில் ஒரு பிள்ளை லயத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்.

கட்டாயக் கல்விச் சட்டவிதி 1998 முதல் 5 வயதிலிருந்து 14 வரைக்கும், 2016 முதல் 16 வரைக்கும் பொருந்துகிறது. பிள்ளை பாடசாலைக்குப் போகிறதா என்று பார்க்கக் கிராம மட்டத்தில் வரவுக் குழுக்கள் அமைக்க வேண்டும் என்றும் விதி உண்டு. கிராம உத்தியோகத்தர் பிரிவை அடிப்படையாகக் கொண்ட அந்த ஏற்பாடு கிராமத்துக்காக யோசிக்கப்பட்டது. பல டிவிஷன்களாக மலை முழுக்கச் சிதறிக் கிடக்கும் தோட்டத்தில், உத்தியோகத்தரின் அலுவலகத்துக்குப் போய் வருவதே தொழிலாளிக்கு ஒரு நாள் சம்பளத்தை இழக்கிற வேலை. உத்தியோகத்தர் வீடு வீடாக வந்து பிள்ளையைத் தேடுவார் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

இனி அந்தப் பத்து வயதில் என்னென்ன ஒரே நேரத்தில் மாறுகின்றன என்று பார்ப்போம். வறுமை, விழிப்புணர்வின்மை, குடிப்பழக்கம் என்று வழக்கமாக வாசிக்கப்படும் பட்டியலைவிட இது முக்கியம்.

தூரம் கூடுகிறது. அதே வருடம் சாப்பாடு நிற்கிறது. 2024-ல் அரசாங்கம் பாடசாலை உணவுத் திட்டத்தை ஆரம்பப் பிரிவு முழுவதற்கும் விரித்தது, நல்ல வேலை. ஆனால் ஆரம்பப் பிரிவு என்பது ஐந்தாம் தரத்தோடு முடிகிறது. பக்கத்துப் பாடசாலையில் ஒரு வேளை சாப்பிட்ட பிள்ளை, மூன்று மடங்கு தூரம் நடக்கத் தொடங்கும் வருடத்தில் அந்தச் சோற்றை இழக்கிறது. 2016-ன் தேசிய சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டத்துறையில் 31.7 வீதம். அன்று அளக்கப்பட்ட பிள்ளைகள் இன்று நான் சொல்லும் வயதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைப் பெரிதாக விரித்தபோது அதைக் கேலி செய்த பொருளாதார அறிஞர்கள் இருந்தார்கள். 2022-ல் அங்கே காலை உணவும் தொடங்கிவிட்டார்கள். வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைக்குப் பகல்வரை எதுவும் ஏறாது என்பதை அங்குள்ளவர்கள் காலம் தாழ்த்தியாவது ஒத்துக்கொண்டார்கள்.

செலவும் கூடுகிறது. தாயின் சம்பளத்தோடு வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்து 2025 முடியும்வரை இருந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. கொழுந்தின் நிறுவை குறைந்தால் அரை நாள் சம்பளம்தான், தோட்டப் பேச்சில் அரை நாள் பேர்தான், விழும். அதை விட்டுவிட்டு, மாதம் முழுசாக 20 நாள் பேர் விழுந்தது என்றே வைத்துக்கொள்வோம்: 27,000 ரூபா. சேமலாப நிதிக்கு எட்டு வீதம் போனால் 24,840. இதிலிருந்து தொழிற்சங்கச் சந்தா, முற்பணக் கழிவு, கடைக் கடன். இனிப் பிள்ளையின் பக்கம். ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 150 ரூபா என்று குறைவாகவே பிடித்தாலும், இருபது பாடசாலை நாளுக்கு 3,000. இரண்டு பிள்ளைகள் என்றால் 6,000. அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பொருள்கள் வாங்க 2025 தொடக்கத்தில் அரசாங்கம் கொடுத்ததும் 6,000 ரூபா. அது பிள்ளைக்கொன்று, வருடத்துக்கு ஒரு தடவை. இந்தக் குடும்பத்துக்குப் போக்குவரத்து மாதாமாதம்.

இலவசப் பாடநூல் 1980 முதல் இருக்கிறது, சீருடைத் துணி 1993 முதல். இந்த இரண்டும் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் எவ்வளவோ மோசமாக இருந்திருக்கும். ஆனால் புத்தகமும் துணியும் பாடசாலை வாசலில் கொடுக்கப்படுகின்றன. வாசல் வரை வந்து சேருவதற்கான செலவு குடும்பத்தின் தலையில். இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸில் மாணவர்களுக்குச் சலுகை விலையில் சீசன் டிக்கெட் உண்டு, மாணவர்களுக்கான சிசு செரிய பஸ்ஸும் உண்டு. சீசன் தனியார் பஸ்ஸில் செல்லாது. தோட்டத்துக் கொங்கிரீட் பாதையில் ஏறி வருவதோ பெரும்பாலும் ஆட்டோதான். சலுகை இருக்கும் இடத்தில் பாதை இல்லை, பாதை இருக்கும் இடத்தில் சலுகை இல்லை.

பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். அதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உரிய வயதில் இடைநிலைப் பள்ளியில் சேர்ந்த பெண் பிள்ளைகளின் தொகை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியதாகக் கண்டார்கள். பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். நமக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது: அங்கே பெற்றோருக்கு யாரும் புத்தி சொல்லவில்லை, தூரத்தைக் குறைத்தார்கள். சைக்கிளை அப்படியே கொண்டுவர முடியாது. நமுனுகுலைச் சரிவில் அது ஒரு பக்கம் மட்டும் ஓடும்.

தூரத்தை வரைபடத்தில் அளப்பதிலும் ஒரு பொய் இருக்கிறது. ஊவாவில் பாதையின் நீளம் மாதத்துக்கு மாதம் மாறும். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை கச்சான் காற்றடிக்கும் வறட்சிக் காலம். ஊவாத் தேயிலைக்கு உலகப் பேர் வாங்கிக் கொடுக்கும் பருவம் அதுதான், ஆனால் கொழுந்து குறையும், பேர் குறையும், வீட்டில் காசு குறையும். ஒக்டோபரில் மழை தொடங்கினால் ஜனவரி வரை மண் இளகிக் கிடக்கும். வருடக் கடைசிப் பரீட்சைக் காலமும் மண்சரிவுக் காலமும் இங்கே ஒன்று. 2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையில் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பள்ளத்தில் விழுந்து பத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தப் பாதையில் பதினொரு வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்புவதற்குத் தயங்கும் தாயை அக்கறையில்லாதவள் என்று எழுதுவது எளிது.

2014 ஒக்டோபர் 29 காலை ஏழரை மணியளவில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பலர் அதனாலேயே உயிர் பிழைத்தார்கள். கொஸ்லாந்தையிலும் பூணாகலையிலும் பாடசாலைகள் முகாம்களாயின. முகாமானால் வகுப்பு நடக்காது. அந்த மலையைப் பார்க்காத பிள்ளைக்கும் படிப்பு நின்றது. பிழைத்த குடும்பங்களுக்கு மாகல்தெனியவில் வீடு கிடைக்க ஏறத்தாழ இரண்டு வருடம் எடுத்தது. இடையில் பழைய தேயிலை ஸ்டோரில் தங்கியிருந்தார்கள். இரண்டு வருடம் என்பது பெரியவருக்கு ஒரு காத்திருப்பு. ஐந்தாம் தரத்தில் இருந்த பிள்ளைக்கு அதற்குள் ஏழாம் தரம் போய்விட்டது. 2023 மார்ச்சில் பூணாகலை கபரகலையில் மீண்டும் சரிந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. பாதைகளும் மலையக ரயில் பாதையும் பல இடங்களில் அறுந்தன.

டித்வாவுக்குப் பிறகு மீள்குடியேற்றம் பற்றிய பேச்சு நடக்கிறது. ஆபத்தான சரிவிலிருந்து லயத்தை அகற்ற வேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. வீட்டுக்கான காணியைத் தேர்ந்தெடுக்கும்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சான்று கேட்கிறார்கள், தண்ணீர் கேட்கிறார்கள். ஆறாம் தரம் உள்ள தமிழ்மொழிப் பாடசாலை எத்தனை மைல் என்ற கேள்வி அந்தப் படிவத்தில் முதல் வரியில் இருக்க வேண்டும். மண் சரியாத இடத்தில் வீடு கட்டி, பிள்ளைகளை எட்டாத இடத்தில் வைத்தால், ஒரு ஆபத்தை இன்னொன்றுக்கு மாற்றியதாகவே முடியும்.

தாயின் நேரம் அடுத்தது. வேலை பிரிக்கும் காலைப் பிரட்டுக்குப் போனவள் அந்தி நிறுவை முடிந்துதான் திரும்புவாள். பாடசாலை ஒன்றரைக்கு விட்டால் இடையில் உள்ள நேரத்துக்கு வீட்டில் யார்? தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பரா கைக்குழந்தைகளையும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களையும் மட்டுமே வைத்துக்கொள்ளும். அதற்கு மேற்பட்ட தம்பி தங்கையை மூத்த பெண் பிள்ளை பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் தொலைவிலுள்ள பாடசாலையில் படித்தால் வீடு திரும்ப மூன்று மணியாகும். அந்த ஒன்றரை மணி நேரம் பல குடும்பங்களில் ஒரு பெண் பிள்ளையின் படிப்பை முடித்து வைத்திருக்கிறது.

2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில், 2026 ஜனவரி முதல் நாட்சம்பளம் 1,550 ஆகவும், அதோடு வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் 200 ரூபாவும் சேர்த்து மொத்தம் 1,750 ஆகும் என்று அறிவிக்கப்பட்டது. கூலி கூடுவது நல்லது, கூடியே ஆக வேண்டும். ஆனால் வேலைக்கு வராத நாளின் விலையும் அதோடு ஏறுகிறது. பெற்றோர் கூட்டத்துக்கு, ஆறாம் தர அனுமதிக்கு, பிறப்புச் சான்றிதழில் பெயர்த் திருத்தத்துக்குப் பிரதேச செயலகம் போகிற ஒவ்வொரு நாளுக்கும் அவள் இப்போது 1,750 ரூபா கொடுக்கிறாள். அதிபர்கள் அதைக் கவனித்துப் பெற்றோர் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினால் ஒரு சதமும் செலவாகாது.

தாய் வெளிநாட்டுக்குப் போன வீட்டில் இந்த ஏற்பாடு முழுவதும் பாட்டியின் தலையில் விழும். அந்தப் பாட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இலங்கையில் இலவசக் கல்வி 1945-ல் வந்தது, கன்னங்கராவின் பெயரால் நாம் கொண்டாடுகிறோம். தோட்டப் பாடசாலை அன்று அதற்குள் வரவில்லை. அது தோட்டத் துரையின் நிர்வாகத்தில், பெரும்பாலும் ஒரே ஆசிரியரோடு, ஒரே அறையில் நடந்தது. 1948-ன் குடியுரிமைச் சட்டம் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரை நாடற்றவர்களாக்கியது. 1960-61-ல் மிஷன் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலை வெளியிலேயே நின்றது. 1977-ல்தான் பொறுப்பேற்கத் தொடங்கினார்கள், முடிக்கப் பல வருடம் எடுத்தது. அந்த வருடம் பத்து வயதாக இருந்த சிறுமிக்கு இன்று அறுபதை நெருங்குகிறது. பேரப்பிள்ளையை ஆறாம் தரத்துக்கு அனுப்புவதா என்று இன்று தீர்மானிப்பவள் அவள்தான். ஆறாம் தரம் என்ற ஒன்றே இல்லாத ஒரு பாடசாலையில் அவள் படித்தாள்.

இருந்தும் அனுப்புகிறார்கள் என்பதே வியப்பு. கொழுந்தெடுத்த காசில் டியூசனுக்குக் கட்டும் தாய்மாரைப் பண்டாரவளையிலும் பதுளையிலும் எந்தச் சனிக்கிழமையும் பார்க்கலாம். "பெற்றோருக்கு அக்கறையில்லை" என்ற வாசகம் வலயக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறது. அது அறிக்கை எழுதுபவருக்கு வசதியான வாசகம். யாருடைய வரவு செலவுத் திட்டத்திலும் ஒரு வரி சேர்க்க வேண்டியதில்லை.

வேலைக்காக நிறுத்துகிறார்கள் என்பதும் பாதி உண்மைதான். 2016-ல் நடந்த தேசியச் சிறுவர் செயற்பாட்டு ஆய்வு, 5 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் சிறுவர் தொழிலாளர் ஏறத்தாழ ஒரு வீதம் என்றது. 2021-ல் வேலைக்கான குறைந்த வயது 16 ஆக உயர்ந்தது. தோட்ட நிர்வாகம் இன்று சிறுவரின் பேரைச் செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் போடுவதில்லை. பெரும்பாலான பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து வேலை பிடுங்கிப் போகவில்லை. பாடசாலை நழுவிய பிறகு, ஒரு வருடம் இரண்டு வருடம் சும்மா இருந்த பிறகு, வேலை வந்து எடுத்துக்கொள்கிறது. பையன்களுக்குக் கொழும்புக் கடை, இப்போது எல்லவில் சுற்றுலா விடுதி. பெண் பிள்ளைகளுக்கு வீட்டு வேலை. தரகர் லயத்துக்கு வருவது பிள்ளை வகுப்பில் இருக்கும்போது அல்ல. 2021 ஜூலையில் கொழும்பில் ஒரு முன்னாள் அமைச்சரின் வீட்டில் வேலை செய்த, டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி தீக்காயங்களோடு மருத்துவமனையில் இறந்தாள். அந்தச் செய்திக்குப் பிறகு தரகர்களைப் பற்றி நிறைய எழுதினோம். அவள் எந்தத் தரத்தில், எதனால் படிப்பை விட்டாள் என்று கேட்டவர்கள் குறைவு.

படித்தால் என்ன கிடைக்கும் என்ற கேள்வியைக் குடும்பங்கள் கேட்கத்தான் செய்கின்றன. டொமினிக்கன் குடியரசில் ரொபர்ட் ஜென்சன் என்ற ஆய்வாளர், எட்டாம் வகுப்புப் பையன்களில் ஒரு சாராருக்குப் படித்தவரும் படிக்காதவரும் உண்மையில் வாங்கும் சம்பளத்தைச் சொன்னார். வேறெதுவும் செய்யவில்லை. சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைவிட 0.20 முதல் 0.35 வருடம் வரை கூடுதலாகப் படித்தார்கள். பிள்ளைகள் கண்ணெதிரே தெரிவதை வைத்துத்தான் எண்ணிப் பார்க்கிறார்கள். தோட்டத்தில் அவர்களுக்குக் கண்ணெதிரே தெரிந்தது என்ன? 2014-ல் தோட்டப் பாடசாலைகளுக்காக மூவாயிரம் ஆசிரியர் உதவியாளர்களை எடுக்க விண்ணப்பம் கோரினார்கள். உயர்தரம் படித்த தோட்டத்துப் பிள்ளைகள் பலர் 2015-ல் நியமனம் பெற்றார்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. அப்போதைய கூட்டு ஒப்பந்தத்தின்படி தொழிலாளியின் நாட்சம்பளம் எல்லாப் படிகளும் சேர்ந்து 620 ரூபா. பதின்மூன்று வருடம் படித்து, லயத்திலேயே முதலாவதாக உயர்தரம் பார்த்த பிள்ளையின் மாதச் சம்பளம், அம்மா பத்து நாள் மலையில் நின்று எடுப்பதைவிடக் குறைவு. 2016-ல் அது 10,000 ஆனது. அதற்குள் பக்கத்து லயங்கள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டன. அந்த உதவியாளர்களில் பலர் பின்னால் பயிற்சிக் கலாசாலை முடித்து நல்ல ஆசிரியர்களானதும் உண்மை. இன்று பல தோட்டப் பாடசாலைகளைத் தாங்கி நிற்பவர்கள் அவர்களே.

மேலே போகப் போக ஏணி இன்னும் ஒடுங்குகிறது. பல்கலைக்கழக அனுமதியில் பதுளையும் மொனராகலையும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள். அவற்றுக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. மாவட்டத்துக்கு வரும் சலுகை தமிழ்மொழியில் கணிதமும் விஞ்ஞானமும் உயர்தரத்தில் உள்ள பாடசாலையில் படித்தால்தான் தோட்டத்துக்கு வந்து சேரும். பதுளை, பண்டாரவளை, பசறை போன்ற நகரங்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய பாடசாலைகளே அப்படி. பதுளை நகரின் எல்லையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே தேயிலைத் தொழில்நுட்பத்தில் பட்டம் கொடுக்கிறார்கள். அதைச் சுற்றியுள்ள தேயிலை மலையில் பிறந்த பிள்ளை அந்தப் பட்டத்துக்கு விண்ணப்பிக்க உயர்தரத்தில் தேவைப்படும் பாடங்கள், அது படிக்கும் பாடசாலையில் பெரும்பாலும் இல்லை.

சாதாரண தரத்தில் கணிதம் தவறினால் அதற்குமேல் வழக்கமான பாதை அடைபடும். கணித ஆசிரியர் இல்லாத வகை 2 பாடசாலைக்கு இது முன்கூட்டியே எழுதப்பட்ட முடிவு. பிள்ளைகளுக்கு அது ஒன்பதாம் தரத்திலேயே தெரிந்துவிடுகிறது. தோற்கப் போகும் பரீட்சைக்கு இரண்டு வருடம் பஸ் காசு எதற்கு என்று ஒரு பதினான்கு வயதுப் பையன் கேட்டால், அவனுக்குப் பதில் சொல்ல வேண்டியது அவன் அப்பா அல்ல. சில குடும்பங்கள், மொனராகலைப் பக்கம் குறிப்பாக, பக்கத்திலுள்ள சிங்களமொழிப் பாடசாலையில் பிள்ளையைச் சேர்த்துவிடுகின்றன. தூரத்தை மொழியைக் கொடுத்துத் தீர்த்துக்கொள்கிறார்கள். அதைக் குறை சொல்பவர்கள் முதலில் அந்தப் பாதையில் ஒரு மாதம் நடக்கட்டும்.

இத்தனைக்கும் பொறுப்பான மாகாண சபை என்ற ஒன்று இருக்க வேண்டும். தேசியப் பாடசாலைகளைத் தவிர மற்றவை மாகாணத்துக்கு உரியவை. ஊவா மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டெம்பரில். அதன் காலம் 2019-ல் முடிந்தது. அதன் பின் தோட்டப் பாடசாலையின் கூரையைப் பற்றிக் கேள்வி கேட்க மாகாணத்தில் ஒரு உறுப்பினர்கூட இல்லை; ஆளுநரும் அதிகாரிகளும் நடத்துகிறார்கள். மூடுவது, இணைப்பது போன்ற முடிவுகள் இந்த வெற்றிடத்தில் எடுக்கப்படப் போகின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்போது ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் நிற்கும் தொகுதி யார் என்று பாருங்கள். 2020 தொடக்கத்தில் முதலாம் தரத்தில் சேர்ந்த பிள்ளை, அ, ஆ எழுதப் பழகிய மூன்றாம் மாதத்தில் கொரோனாவால் பாடசாலை மூடியது. சிறிய பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவு ஒழுங்காகத் திறந்தது 2021 ஒக்டோபரில். இடையில் கற்பித்தல் தொலைபேசிக்கு மாறியது. லுணுகலையில் சிக்னலுக்காகக் காட்டில் முப்பது அடி உயர மரத்தின் மேல் குடில் கட்டிப் பிள்ளைகளை ஏற்றிய பெற்றோரின் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. படத்தில் இருந்தவர்கள் தொலைபேசி வைத்திருந்தவர்கள். திறந்த சில மாதத்தில் எரிபொருள் தட்டுப்பாடு, மீண்டும் மூடல். 2022 செப்டெம்பரில் கொழும்புச் சுட்டெண்படி உணவு விலை ஒரு வருடத்தில் 94.9 வீதம் ஏறியிருந்தது. அந்தப் பிள்ளை 2025-ல் ஆறாம் தரத்துக்கு வந்தது. அதற்கடுத்த தொகுதி, பாடசாலை மூடுவதும் திறப்பதுமாக இருந்த வருடத்தில் முதலாம் தரத்தைத் தொடங்கியது, டித்வா முடிந்த கையோடு 2026-ல் வருகிறது. சரளமாக வாசிக்கத் தெரியாமல் ஆறாம் தரத்துக்கு வரும் பிள்ளைக்குப் புதிய பாடசாலையில் முதல் தவணையே போதும், தான் இங்கே வேண்டாதவர் என்று விளங்கிக்கொள்ள. இந்தத் தொகுதிக்குப் பாதையை இன்னும் நீட்டுவதற்கு இதைவிட மோசமான காலத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

சிறிய பாடசாலை நல்ல பாடசாலை என்று நான் சொல்லவில்லை. ஒரே ஆசிரியர் மூன்று தரத்தைச் சமாளிக்கும் இடத்தில் பிள்ளைகள் கற்பது குறைவு என்பதை அங்கே படிப்பித்த எவரும் ஒப்புக்கொள்வார்கள். இணைத்தால் ஆசிரியர் கிடைப்பார், ஆய்வுகூடம் கிடைக்கும் என்ற வாதம் காகிதத்தில் சரி. அதற்கு முன் பஸ் வர வேண்டும். அதுவும் அறிவித்த திகதியில் இல்லை, மூடுகிற திகதிக்கு முன்னால். ஆறாம் தரத்துக்கும் சோறு வர வேண்டும். அல்லது ஐந்தோடு முடியும் பாடசாலையை எட்டு வரை நீட்ட வேண்டும்; சில இடங்களில் இரண்டு வகுப்பறையும் ஒரு கணித ஆசிரியரும் போதும். அதற்கான காணி தோட்டக் கம்பெனியின் குத்தகையில் இருக்கிறது, விடுவிக்கக் கடிதம் வேண்டும், கடிதம் வருடக்கணக்கில் ஓடும் என்பதும் தெரிந்ததுதான்.

காசில்லாமல் உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பதுளை, பண்டாரவளை, பசறை, வெலிமடை வலயங்கள் ஒவ்வொன்றிலும், ஐந்தாம் தரத்தோடு முடியும் தமிழ்மொழிப் பாடசாலைகளின் கடைசி வகுப்பு இடாப்பையும், சுற்றியுள்ள பாடசாலைகளின் ஆறாம் தர அனுமதி இடாப்பையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர் பெயராக ஒப்பிட வேண்டும். முதல் தவணையின் இரண்டாம் கிழமைக்குள் அது முடிந்துவிடும். ஒரு எழுதுவினைஞரும் ஒரு பேனாவும் போதும். இரண்டாவது இடாப்பில் இல்லாத பெயர்களுக்கு நேரே லயத்தின் இலக்கத்தை எழுதி, அந்தப் பட்டியல் கையில் வரும் வரை ஊவாவில் ஒரு தோட்டப் பாடசாலையையும் மூடும் கடிதத்தில் யாரும் கையொப்பமிடக் கூடாது.